ஒட்டிய வயிற்றுக் கரடி

ஒதியம்பட்டு உலகநாதனுக்கு ஐம்பத்திரண்டு வயது. சுதை வேலைக்காரர். வில்லியனூரிலிருந்து பாகூர் வரை பல கோபுரங்களில் அவர் கைபட்ட பொம்மைகள் நிற்கின்றன. கோயில் வேலை இல்லாத மாதங்களில் மண்டபத்து யானை, ஓட்டல் வாசல் மயில் என்று எது வந்தாலும் செய்வார். எதைச் செய்தாலும் அளவு பார்த்துத்தான் செய்வார். குளம்பு பிளந்த விதம் சரியில்லை என்று, காய்ந்துபோன மானின் நான்கு கால்களையும் ஒருமுறை தானே உடைத்து மறுபடி கட்டினார். கோபக்காரர் என்று பெயர். அந்தப் பெயரில் தப்பு ஒன்றும் இல்லை.

போன சித்திரையில் மனை வியாபாரி தங்கவேல் அவரைக் கூப்பிட்டார். ஏம்பலம் போகும் வழியில் எட்டு ஏக்கர் நஞ்சையில் செம்மண் கொட்டி மனை போட்டிருந்தார். அங்கிருந்த குட்டை அந்த மண்ணுக்குள் போயிருந்தது. வரப்புப் பனைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நடுவே சின்னதாக ஒரு பூங்கா, அதன் வாசலில் ‘பூமியைக் காப்போம்’ என்று ஒரு பலகை. பலகைக்குக் கீழே ஆறடியில் பனிக்கரடி வேண்டும் என்றார்.

“நல்லா கொழுகொழுன்னு இருக்கணும் மேஸ்திரி. சிரிக்கணும். பக்கத்துல ரெண்டு பென்குயின் வெச்சுடு. வர்ற ஜனம் நின்னு செல்பி எடுக்கணும். மூணு வாரத்துல ஞாயித்துக்கெழம தொறப்பு விழா.”

பார்க்காத மிருகத்தை உலகநாதன் தொடமாட்டார். அன்று மனைவி செல்வகுமாரியின் போனில் படம் தேடச் சொன்னார். அவள் தள்ளத் தள்ளத் தோல் தொங்கும் கரடிகள் வந்தன.

“இன்னாடி இது, எலும்பும் தோலுமா இருக்குது? வேற காட்டு.”

“எல்லா எடத்துலயும் இப்டி இல்லியாம். சில பக்கம் இன்னும் கொழுத்துதான் திரியுதாம்” என்று அவள் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். கடல் உறைந்தால்தான் அதற்குச் சாப்பாடு. பனிக்கட்டிமேல் காத்திருந்து, மூச்சுவிட மேலே வரும் சீல் என்ற கடல்நாயைப் பிடிக்கும். இப்போது பனி சீக்கிரம் உருகி, தாமதமாக உறைகிறது. கரையில் கிடக்கும் பட்டினி நாட்கள் கூடிக்கொண்டே போகின்றன. “இப்டியே சூடு ஏறினா இந்த நூறு வருஷம் முடியறதுக்குள்ள பெரும்பாலும் இருக்காதாம்யா.”

உலகநாதன் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். சூட்டைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பெல்லாம் மதியம் வரை பூசலாம். இப்போது ஒன்பது மணிக்கே கரண்டியைக் கழுவிவிட வேண்டியிருக்கிறது. ஈரச் சாக்கு போர்த்தினாலும் பூச்சில் மயிரிழை வெடிப்பு ஓடுகிறது.

“குட்டைய தூத்தவன் பூமிய காப்போம்னு போர்டு வெக்கிறான்” என்றார். “பட்டினி கெடக்கிறத நான் சிரிக்க வெக்கணுமாம்.”

மறுநாள் தங்கவேலிடம் போய், பென்குயின் தெற்கே இருப்பது, கரடி வடக்கே இருப்பது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை என்றார்.

“இங்க வந்து பாத்துக்கட்டும்பா” என்று சிரித்தார் தங்கவேல்.

பென்குயின் வைக்கவில்லை. கம்பி கட்டி, வலை சுற்றி, பதினேழு நாள் கரடியைக் கட்டினார். கழுத்தின் நீளம், பாதத்தின் அகலம் எல்லாம் படத்தோடு ஒத்துப் பார்த்தார். தோள் எலும்பு தூக்கியிருந்தது. விலா தெரிந்தது. வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. சிரிப்பு இல்லாமல் அதன் வாயை மூடி வைத்தார்.

வெள்ளையடித்த அன்று தங்கவேல் காரிலிருந்து இறங்கினார்.

“இன்னாய்யா இது, சொறிநாய் மாதிரி?”

“கரடிதான். அளவு எல்லாம் சரி. வயிறுதான் காலி.”

“குடும்பத்தோட மன பாக்க வர்றவன் இத பாத்தா வாங்குவானா? வயித்த ரொப்பு. நாளைக்குள்ள.”

“ரொப்ப மாட்டேன்.”

“நீ ஒருத்தன்தான் மேஸ்திரியா? பாகூர்லேர்ந்து ஆள் கூட்டியாரேன் பாரு.”

சுதை வேலையில் கண்ணை எழுதுவது கடைசியில்தான். சாமிக்கும் சாமியின் குதிரைக்கும் விடியலில், எதிரே கண்ணாடி பிடித்து, கருமணியைத் தீட்டுவார்கள். கண் திறந்த உருவத்தில் அதன்பின் எந்தத் தொழில்காரனும் உளி வைக்கமாட்டான், கரண்டியும் வைக்கமாட்டான். மயிலுக்கும் மானுக்கும் இந்த முறை கிடையாது. அவற்றுக்கு வெறும் பெயிண்டுதான்.

மறுநாள் விடியலில் உலகநாதன் வீட்டுக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனார். செல்வகுமாரி பிடித்துக்கொள்ள, கரடிக்குக் கண் திறந்தார். இனி எவனும் இதைத் தொடமாட்டான் என்று தெரிந்துதான் செய்தார். மனசில் பக்தி இல்லை, ஆத்திரம்தான் இருந்தது.

எட்டு மணிக்குப் பாகூர் பச்சையப்பன் கலவைச் சட்டியோடு வந்தார். கரடியைச் சுற்றி வந்தார், முகத்தைப் பார்த்தார், மண்ணில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடியையும் பார்த்தார்.

“தொறந்துட்டியா?”

“விடியக்காலம்.”

பச்சையப்பன் சட்டியைக் கீழே வைத்தார். “நான் கை வெக்கமாட்டங்க” என்றார் தங்கவேலிடம்.

“யோவ், இது சாமியாய்யா? சொறிநாய் மாதிரி ஒரு கரடி!”

“எதுவா இருந்தா இன்னா? தொறந்த கண்ணு தொறந்ததுதான். வேற ஆள பாருங்க.”

தங்கவேல் சுத்தியலைத் தானே எடுத்தார். கரடிக்கு நேரே போய் நின்றார். ஓங்கிய கை இறங்கவில்லை. சுத்தியலை வீசிவிட்டு, “தார்ப்பாய் போட்டு மூடுங்கடா” என்று கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை பந்தல், மைக், தட்டில் கேசரி. உலகநாதனை யாரும் அழைக்கவில்லை. வந்தார். கூட்டத்துக்கு நடுவே நடந்துபோய், தார்ப்பாயைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தார். தார்ப்பாய் சரிந்தது. மைக்கில் பேசிக்கொண்டிருந்த தங்கவேல் திரும்பிப் பார்த்தார்.

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா, “ஐயோ, ஏன் இப்டி எளச்சிருக்குது?” என்றாள்.

தங்கவேல் மைக்கை விடவில்லை. “அது குட்டிம்மா! இப்பத்தான் பொறந்துருக்கு. நீங்க வூடு கட்டி குடிவர்றதுக்குள்ள வளந்துடும்!”

பந்தல் முழுக்கச் சிரித்தது.

“வளராது” என்றார் உலகநாதன். மைக் இல்லாமலே கடைசி நாற்காலி வரை கேட்டது. “இது தாய்க்கரடி. ஒடம்புல கொழுப்பு இல்லாத தாய்க்கு மடியில பால் ஏது? இதோட குட்டியும் வளராது. சிரிக்கிறீங்களே, இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க?”

முன்வரிசையில் கேட்ட அம்மா மட்டும் எழுந்து கரடியின் அருகே வந்து நின்றாள். உலகநாதன் அவளையும் முறைத்தார். பிறகு தார்ப்பாயைச் சுருட்டித் தங்கவேலின் காலடியில் போட்டுவிட்டு, ரோட்டுக்கு நடந்தார்.