ஒரு சாக்கடையும் இரண்டு வட்டாரங்களும்

வாக்காளர் பெயரைப் பதிவது எளிய வேலை என்று எண்ணுபவர்கள், ஒரு முறையேனும் படிவக் கட்டோடு அயலார் வீட்டு வாசலில் நின்றறியாதவர்கள். பள்ளிதான் மதியமே முடிந்துவிடுகிறதே என்ற நல்லெண்ணத்தால் அரசாங்கப் பணிகளுக்கு இரவல் கொடுக்கப்பட்ட என் தோழர்களே, தோழியரே, உங்களுக்காகவே இவற்றை எழுதுகிறேன். நாடு விடுதலையை எதிர்நோக்கியிருந்த காலம் அது. மலாக்கா நகராண்மைக் கழகத்தின் உறுப்பினர்களை இனி மக்களே தேர்ந்தெடுப்பார்கள் என்று அறிவித்து, நகரை வட்டாரங்களாகப் பிரித்து வரைபடம் வெளியிட்டிருந்தார்கள். நான் தோட்டப் பள்ளியிலிருந்து மாற்றலாகி வந்து காஜா பெராங்கில் குடியேறி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

தமிழறிந்த அலுவலர்

செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டிக்கு என்னை அனுப்பியதற்கு அங்குள்ளவர்களின் பெயர்களே காரணம். தெய்வானை, ஆறுமுகம், மீனாட்சி என்ற வரிசையைக் கண்ட பதிவு அதிகாரி என்சே உஸ்மான், இங்கே ஒரு தமிழாசிரியைதான் தேவை என்று முடிவு செய்தார். அவரும் என்னைப் போலவே ஊருக்குப் புதியவர். எனக்குத் துணையாக வந்தவள் என் பள்ளியின் இளைய ஆசிரியை இராசம்மாள். மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்தவள்.

கோயிலுக்கு எதிர் வீட்டில் பெண்கள் சாரோங் கெபாயா அணிந்து கூடியிருந்தார்கள். குடியாட்சியின் மாண்பு குறித்து அரைமணி நேரம் பேசினேன். பயிற்சிக் கல்லூரியில் பேச்சுக்குப் பரிசு பெற்றவள் நான். ஒரு சொல்கூடப் பிசகவில்லை. எல்லோரும் அசையாமல் கேட்டார்கள். முடித்ததும் வீட்டுக்காரியான மாக் தெய்வானை தேநீர்க் கோப்பையை என் கையில் கொடுத்து, மலாயில் சொன்னார்: "மிக நன்றாக இருந்தது, டீச்சர். கோயிலில் ஐயர் ஓதுவதைப் போலவே. எங்களுக்குத் தமிழ் தா தாவ்." தெரியாது என்று பொருள்.

தலைமுறை தலைமுறையாக அவர்கள் வீட்டு மொழி மலாய்தான் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். ஏன் முன்பே சொல்லவில்லை என்று இராசம்மாளைத் தெருவில் நிறுத்திக் கேட்டேன். "சொல்லியிருப்பேன் அக்கா. நீங்க நடுவுல மூச்சு விட்டாத்தானே சொல்றதுக்கு."

நடுவில் ஓடிய கோடு

அந்தத் தெருவின் நடுவே ஒரு சாக்கடை ஓடியது. லோங்காங் என்பார்கள். மழைக்காலத்தில் அது நிரம்பி இருபுறத்து வீடுகளுக்குள்ளும் புகும். தெளிவான எல்லையாக இருக்கிறதே என்று, வரைபடம் வரைந்தவர் வட்டாரக் கோட்டை அதன்மேலேயே இழுத்துவிட்டார். மாக் தெய்வானையின் வீடு ஒரு வட்டாரத்தில். எதிர்ச் சாரியில் இருந்த அவர் தம்பி ஆறுமுகத்தின் வீடு அடுத்த வட்டாரத்தில். ஆட்சேபம் தெரிவிக்கப் பதினைந்து நாள் தவணை. ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே தெரிவிக்க முடியும். அந்தத் தெருவில் ஒருவர் பெயரும் பட்டியலில் இல்லை.

இனி லோங்காங்கை எந்த உறுப்பினர் வெட்டித் தருவார் என்று மாக் தெய்வானை கேட்டார். இருவருக்குமே பொறுப்பு உண்டு என்று, எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் விளக்கினேன். அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "என் வீட்டில் இரண்டு மருமகள்கள், டீச்சர். அடுப்புச் சாம்பலை நான்தான் அள்ளுகிறேன்."

திருத்தப் பாடம்

பதிவுக்குரிய கேள்விகளை நல்ல மலாயில் கேட்க மாக் தெய்வானையிடமே கற்றுக்கொண்டேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். நான் எதிரே நின்று ஒப்பிப்பேன். என் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் நான் பத்துக்கு எட்டுக்கு மேல் இட்டதில்லை. அவர் எனக்கு அவ்வளவும் தரமாட்டார் போலிருந்தது. "இன்னொரு முறை சொல்லுங்கள், டீச்சர். இந்த முறை எங்களை அடிக்க வருவதைப் போல இல்லாமல்."

எட்டுப் பேர்

ஆறுமுகம் சொல்லச் சொல்ல எட்டுப் பெயர்களை அழகாக எழுதினேன். மூன்று அறை வீட்டில் எட்டுப் பேரா என்று தோன்றியது உண்மைதான். ஆயினும் விதிப்படி ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லோருக்கும் இருபத்தொரு வயது நிறைந்துவிட்டதா? நிறைந்து வெகுகாலம் ஆயிற்று என்றார். எல்லோரும் இந்த வீட்டில் நிலையாக உள்ளவர்கள்தாமா? அந்தக் கேள்வி அவரைச் சற்றுப் புண்படுத்தியது போலும்.

"வேறு எங்கே போவார்கள், டீச்சர்?"

விருந்தினர்

பொங்கலுக்கு முந்திய நாள் பிற்பகல், கையெழுத்து வாங்குவதற்காக மீண்டும் போனேன். வீட்டுக்குள் வாழையிலைகள் வரிசையாக விரிக்கப்பட்டிருந்தன. சோறும் மீனும் சம்பாலும் பலகாரங்களும் படைத்திருந்தார்கள். இலைகளுக்கு முன்னால் ஆளைத்தான் காணோம். ஆறுமுகம் கைகூப்பி நின்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி உணவருந்த அழைத்துக்கொண்டிருந்தார். முதல் பெயர் எனக்குப் பழக்கமானதாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவது பெயருக்கு நான் படிவத்தைப் பிரித்துவிட்டேன். என் வரிசையும் அவர் வரிசையும் ஒன்றே.

மூதாதையருக்கு அவர்கள் ஆண்டுதோறும் படைக்கும் படையல் அது, பர்ச்சு என்பார்கள். எட்டுப் பேரில் உயிரோடிருந்தவர்கள் மூவர். படையல் முடியும்வரை பொறுத்திருந்து, இறந்தவர்களை வாக்காளராக எழுதலாமா என்று ஆறுமுகத்திடம் கேட்டேன். அவர் முகத்தில் கள்ளம் சிறிதும் இல்லை. "ஆண்டு தவறாமல் வருகிறவர்கள், டீச்சர். ஓட்டுக்கு மட்டும் வராமலா போவார்கள்?"

சிவப்பு மை

வேறு சில வீடுகளிலும் இதே கதை. இறந்தவர் ஒருவரின் பெயர் பட்டியலில் இருந்தாலும், தெரு முழுவதின் ஆட்சேபத்தையும் போலியென்று தள்ளிவிடுவார்கள் என்று என்சே உஸ்மான் கவலைப்பட்டார். தவணைக்கு மூன்றே நாள் மிச்சம். மாக் தெய்வானையையும் அழைத்துக்கொண்டு மீண்டும் வீடு வீடாகப் புறப்பட்டோம். கேள்வியை அவரே மாற்றியமைத்தார்: விருந்து முடிந்ததும் பாத்திரம் கழுவுகிறவர்களின் பெயரை மட்டும் சொல்லுங்கள். அப்படிக் கேட்டதில் முதலிரண்டு வீடுகளில் ஆண்கள் அனைவரும் பட்டியலை விட்டு நீங்கினர். பிறகு, பாத்திரத்தில் சாப்பிடுகிறவர்களையும் சேர்த்துக்கொண்டோம்.

நான் எழுதிய பதிவேட்டில் அதுவரை ஓர் அடித்தல் திருத்தல் இருந்ததில்லை. ஆறுமுகத்தின் வீட்டில் சிவப்பு மைப் பேனாவை எடுத்தபோது என் கை தயங்கியது. அவர் என் பக்கத்தில் குனிந்து மெல்லச் சொன்னார்: "அப்பா பெயரைக் கடைசியில் அடியுங்கள், டீச்சர். முதலில் அடித்தால் கோபித்துக்கொள்வார்."

விசாரணை

பட்டியலையும் ஆட்சேபத்தையும் தவணைக்குள் கொடுத்துவிட்டோம். பண்டார் ஹிலிரில் ஓர் அலுவலக மண்டபத்தில் ஆட்சேபங்களைக் கேட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று கனவான்கள் அமர்ந்திருந்தார்கள். மாக் தெய்வானை மலாயில் பேச, என்சே உஸ்மான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கோடு எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும், சாக்கடை வழியே போனால் உங்களுக்கு என்ன நட்டம் என்று நடுவில் இருந்தவர் கேட்டார். நான் எழுதிக் கொடுத்திருந்த நான்கு காரணங்களையும் மாக் தெய்வானை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"துவான், பர்ச்சு அன்று எங்கள் அப்பா முதலில் என் வீட்டில் சாப்பிடுவார். பிறகு தெருவைக் கடந்து தம்பி வீட்டுக்குப் போவார். வயதானவர். லோங்காங்கில் தண்ணீர் நிறைந்து நிற்கிறது. இரண்டு உறுப்பினரும் உன்னுடையது, உன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தால், அவர் எப்படிக் கடப்பார்?"

என்சே உஸ்மான் முகம் மாறாமல் மொழிபெயர்த்தார். மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. நடுவில் இருந்தவர் பட்டியலைப் புரட்டி, இந்தத் தந்தையாரின் பெயர் இதில் இருக்கிறதா என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"இருந்தது, துவான். டீச்சர்தான் அடித்துவிட்டார்."

புதிய எல்லை

ஒரு மாதம் கழித்துத் திருத்திய வரைபடம் வந்தது. தெருவின் இரு சாரியும் ஒரே வட்டாரத்தில் இருந்தன. தேர்தல் நடந்தது. அடுத்த பர்ச்சுக்கு முன்பே லோங்காங்கை ஆழமாக வெட்டிச் சிமெண்டு பூசி, குறுக்கே ஒரு சிறு பலகைப் பாலமும் போட்டார்கள். அந்த ஆண்டு படையலுக்கு என்னையும் அழைத்தார்கள். எனக்கு இலை போட்டது உயிரோடிருப்பவர்களின் வரிசையில்தான் என்பதை உறுதி செய்துகொண்டே அமர்ந்தேன்.

அங்கே விலக்கிய கோடு எங்கே போயிற்று என்று, திருத்திய வரைபடம் வந்தபோதே நான் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும். அது நான்கு தெரு தள்ளி, என் வீட்டு வாசலில் ஓடிய லோங்காங்கின்மேல் ஏறியிருந்தது. நான் கண்டபோது அதற்கான ஆட்சேபத் தவணையும் முடிந்திருந்தது. பந்தியில் மாக் தெய்வானையிடம் இதைச் சொன்னேன். என் இலையில் இன்னொரு மீனை வைத்துவிட்டு அவர் சொன்னார்: "அடுத்த முறை கோடு கிழிக்கும்போது கூப்பிடுங்கள், டீச்சர். நான் வந்து பேசுகிறேன். நீங்கள் மட்டும் தமிழில் தொடங்கிவிடாதீர்கள்."

குடியாட்சி என்றால் என்ன என்று என்னிடம் பயின்றவர் எவரேனும் இன்றும் வந்து கேட்டால், இரண்டு வட்டாரத்தாரும் தமதன்று என்று விட்டுவிட்ட என் வாசல் லோங்காங்கைப் பார்த்துத் தாண்டி உள்ளே வருமாறு அழைக்கிறேன்.