சாக்கு போட்டு மூடிய டிஷ்

கண்ணுங்களா, டிவி ரொம்ப நேரம் ஓடினால் அதன் முதுகிலிருந்து தூசி கருகுகிற மாதிரி ஒரு வாசம் வரும் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். உங்களுக்கு டிவி என்பது சுவரில் ஒட்டின பலகை. எங்களுக்கு அது பக்கத்திலிருந்த என் சித்தி ஊட்டில், அரிசி மூட்டைக்கு அருகில் உட்கார்ந்திருந்த கனத்த பெட்டி. வாசலில் காய்கிற மிளகின் காரமும் அந்தக் கருகல் வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறும். போன வாரம் உங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை விழுந்து கைகால் இழுத்துக்கொண்டதென்று கிசுகிசுத்தீர்களே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்தப் பெட்டி ஞாபகம்தான்.

சின்ன வயசில் எனக்கும் அது வந்தது. மலைமேல் திருப்புலி நாட்டில் எங்கள் குக்கிராமத்தில் யார் கேட்டாலும் அம்மா "பசி மயக்கம்" என்று சொல்லிவிடுவாள். என் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது, வலிப்பு இருக்கிற ஊட்டில் பெண் எடுக்க யார் வருவார்கள் என்ற பயம். "ஊட்டுலயே இரு சாமி" என்று என் பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிட்டாள். ஒருநாள் அவள் காட்டுக்குப் போயிருந்தபோது நான் அடுப்போரம் விழுந்து, சட்டைக் கையில் தீப்பிடித்துவிட்டது. சித்திதான் ஓடிவந்து என்னை இழுத்துப் போட்டுத் தீயை அணைத்து, எல்லாரும் செய்கிறபடி கையில் கொடுவாளைத் திணித்து, நனைந்த டவுசரையும் அலசிப் போட்டாள். வெளியில் மூச்சு விடமாட்டேன் என்று அம்மாவின் கையில் அடித்துச் சத்தியமும் செய்தாள்.

அதற்கடுத்த வாரம் சித்தி ஊட்டில் எல்லாரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு டாக்டர் வந்து வலிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நாக்கு கடிபடும், துணி நனையும், சில குடும்பங்கள் மயக்கம் என்று சொல்லி மறைக்கிறார்கள், பிள்ளையை நெருப்பு பக்கமும் தண்ணீர் பக்கமும் தனியே விடாதீர்கள், கையில் இரும்பைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தினமும் சாப்பிட மாத்திரை இருக்கிறது என்றார். ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் இறுகிக்கொண்டே போயிற்று.

"ஏம்புள்ள, யாருகிட்டச் சொன்ன?" என்றாள் சித்தியைப் பார்த்து.

"நாஞ் சொல்லலீங்கக்கா. அவரு டாக்டருங்க, படிச்சவரு."

"படிச்சவனுக்கு நம்மூட்டுக் கொடுவாள் எப்படித் தெரிஞ்சுது?"

கீழே சேந்தமங்கலத்திலிருந்து டிஷ் மாட்ட வந்தவனுக்கு டீ கொடுத்தாயே, அவனிடம்தான் வாயைத் திறந்திருப்பாய் என்று அம்மா பிடித்துக்கொண்டாள். அன்றோடு இரண்டு ஊட்டுக்கும் பேச்சு நின்றது. அப்பாவுக்கு வேறொரு சந்தேகம். தினமும் மாத்திரை தின்னச் சொல்கிறவன் மாத்திரைக் கடைக்காரனாகத்தான் இருப்பான் என்றார்.

அம்மாவின் சந்தேகம் கடைசியில் அந்த டிஷ் மேலேயே போய் நின்றது. அங்கே பேசுகிற பேச்சு இங்கே வருமென்றால், இங்கே பேசுவது அங்கே போகாதா என்று கேட்டாள். மழையில் ஊறிக் கிடந்த மரவள்ளிச் சாக்கொன்றை எடுத்துப் போய், யாருமில்லாத நேரம் பார்த்து டிஷ்ஷின் மேல் போர்த்திவிட்டாள். அன்று சித்தி ஊட்டு டிவியில் படமே வரவில்லை. "பாத்தீங்களா, காத மூடுனதும் வாயும் அடைச்சுப்போச்சு" என்று அப்பாவிடம் சொன்னாள். நாங்களும் அதை நம்பினோம்.

சாக்கு யார் வேலை என்று சித்திக்குத் தெரிந்துவிட்டது. சண்டைக்கு வரவில்லை. சாக்கை எடுத்துப் போட்டாள். அதற்கடுத்த வாரம் அதே டாக்டர் வந்தபோது சத்தத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டி, கதவையும் திறந்து வைத்தாள். எங்கள் வாசலில் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்த அம்மா, கேட்காதவள் போல முதுகைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு டாக்டரிடம் ஒரு பெண் போனில் பேசினாள். தன் மகனுக்கு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பதாகவும், அக்கம்பக்கத்தில் பசி மயக்கம் என்று சொல்லி வைத்திருப்பதாகவும் சொல்லி அழுதாள்.

அம்மாவின் கத்தி நின்றது. அதைக் கையில் பிடித்தபடியே போய்ச் சித்தி ஊட்டு வாசலில் நின்றாள்.

"அந்தப் பொம்பள எந்த ஊராம்?"

"கடலோரமாமுங்கக்கா. நாம கண்ணாலகூடப் பாத்ததில்ல."

அம்மா கத்தியைத் திண்ணையில் வைத்தாள். பிறகு, "அவ பையனுக்கு எத்தன வயசாம்?" என்று கேட்டாள்.

"நம்ம பையன் வயசுதானுங்க."

மறுநாள் காலை பஸ்ஸில் அம்மா, சித்தி, நான் மூவரும் மலையை விட்டு இறங்கினோம். வளைவுக்கு வளைவு அம்மா எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தாள். கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைப் பார்த்து முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்த டிவியில வாரவரு உங்களுக்குச் சொந்தமுங்களா?" என்பதுதான். அவர் சிரித்து, இல்லை என்றார். அதற்கும் அவள் சமாதானமாகவில்லை. ஊடு வந்ததும் அவர் கொடுத்த மாத்திரையின் ஓரத்தைக் கிள்ளித் தன் வாயில் போட்டு, சாயங்காலம் வரைக்கும் தன் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகே எனக்குக் கொடுத்தாள். விழுவது மெல்லமெல்லக் குறைந்தது. நான் மறுபடி பள்ளிக்கூடம் போய்ப் பத்தாவது வரைக்கும் படித்தேன். அக்காவின் கல்யாணமும் நடந்தது.

அந்தப் பெட்டி எப்போதோ பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது, அந்த வாசமும் அதோடு போயிற்று. ஊரே ஒரு பெட்டி முன்னால் உட்கார்ந்து ஒரே பேச்சைக் கேட்பது இப்போது இல்லை. ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு வைத்தியம் கேட்கிறார்கள், அதில் எது நிஜம் என்று எனக்கும் சந்தேகம்தான். அம்மாவின் குணம் அந்த மட்டில் எனக்கும் வந்திருக்கிறது. சந்தேகப்படுங்கள், தப்பில்லை. கேட்டுவிட்டுச் சந்தேகப்படுங்கள். அந்தப் பிள்ளை திரும்பப் பள்ளிக்கு வந்தால் பக்கத்தில் உட்காருங்கள், அது ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை.

இன்று காலை நீங்கள் பஸ் ஏறிப் போன பிறகு, இத்தனை வருஷம் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்து உங்களுக்குத் தெரியாமல் நான் தின்றுவந்த மாத்திரை அட்டையை வெளியே எடுத்தேன். உங்கள் கைக்கு எட்டாத, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற மேல் பலகையில் அதை வைத்தேன்.