கேசட்டில் பாதிச் சிரிப்பு

என் கொழுந்தனின் கல்லூரி நகைச்சுவைக் குழு, எங்கள் சரோஜினி நகர் வீட்டு மொட்டைமாடியில் சினிமாத் தாலாட்டு ஒன்றைக் கிண்டல் செய்து வீடியோ எடுத்தது.

"அண்ணி, குட்டிப்பையனைக் கொடுங்க. ஜல்தி முடிச்சிடுவோம்."

"வேண்டாம்பா, கண் பட்டுடும்."

"அச்சா, அப்ப தலையணைதான் எங்க குழந்தை!"

மீசைக்கார நண்பன் ஒருவன் தலையணைக்குப் பால் புகட்டி, முதுகில் தட்டி ஏப்பமும் விட வைத்தான். என் இடுப்பிலிருந்த மகன் கலகலவென்று சிரித்தான். ஒலிப்பதிவு கெட்டுவிடுமோ என்று பயந்து அவன் வாயைப் பொத்தினேன்.

அவன் இப்போது பள்ளிக்குப் போகிறான். நேற்று வாடகை வி.சி.ஆரில் அந்தக் கேசட்டைப் போட்டோம். பாட்டுக்கு நடுவே அவன் சிரிப்பு கேட்டது, சட்டென்று நின்றது. அந்த வயதுக் குரல் எங்களிடம் இருப்பது அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் சிரிக்க விட்டிருக்கலாம்.