வெள்ளைப் பவளமும் அண்ணனின் சோபாவும்

எங்கள் அக்காவைத் தெருவில் எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் செட் செய்யும் இடத்தில் அவளுக்கு வேலை. எங்கள் பக்கத்தில் பாதிக் கிழவர்களின் சிரிப்பு அவள் கைவண்ணம். அவள் சிரிப்பதுதான் அபூர்வம். ஒரு பெரியவர், சினிமா நடிகருக்கு இருப்பதுபோல் பளீர் வெள்ளையில் பல் வேண்டும் என்று அடம்பிடித்தார். "தாராளமா செஞ்சு தர்றேன். ஆனா இருட்டுல மட்டும் சிரிங்க" என்று சொல்லிவிட்டாள். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். அவள் அசையவில்லை. பிடித்தால் பிடித்ததுதான்.

கல்யாணம் வேண்டாம் என்றதும் அப்படித்தான். அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். ஹாலின் மூலையில் ஓர் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்தாள். மீன் ஒன்றுகூட இல்லை. வளர்ப்பு மீன் கடைக்காரர் உடைந்துபோனது என்று ஒதுக்கிப்போட்ட ஒரு துண்டுப் பவளம், அவள் கவனிப்பில் கிளை கிளையாக விட்டு உள்ளங்கையளவு ஆகியிருந்தது. நிறம் என்னவோ கடுங்காப்பி நிறம்தான். வருகிறவர்கள் "இதுக்கா இவ்வளவு பாடு?" என்பார்கள். "ஆமா, இதுக்குத்தான்" என்பாள்.

என் பிரசவத்துக்கு அக்காதான் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தாள். அண்ணனுக்கு அந்த நேரம் பார்த்துப் பாசம் பொங்கியது. அவன் கெட்டவன் இல்லை, அவசரக்காரன். அக்கா திரும்பி வரும்போது அசந்துபோக வேண்டும் என்று தொட்டிக்குப் பெரிய விளக்கு ஒன்று வாங்கி, பழையதைக் கழற்றிவிட்டு, முழு வெளிச்சத்தில் எரியவிட்டான். நாள் முழுக்க.

கைக்குழந்தையோடு நாங்கள் வீடு வந்தபோது பவளம் வெள்ளைவெளேர் என்று இருந்தது. குழந்தை பார்க்க வந்த உறவெல்லாம் குழந்தையை விட்டுவிட்டுத் தொட்டியைச் சுற்றி நின்றது. "என்ன அழகு! முத்து மாதிரி!" அண்ணனுக்குப் பெருமை பிடிபடவில்லை. "எல்லாம் என் லைட்டு!"

அக்கா பையைக் கீழே போட்டாள். நேராகப் போய் விளக்கை அணைத்தாள்.

"பவளத்தோட சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கும். வெளிச்சத்த வச்சு அதுதான் இதுக்குச் சமைச்சுப் போடுது. அதோட நிறம்தான் அந்தக் காப்பி நிறம். வெளிச்சம் அளவுக்கு மீறிப் போச்சுன்னா, பவளம் சமைக்கிறவங்களயே வெளிய தொரத்திடும். இப்ப நீங்க அழகுன்னு பாக்குறது உள்ள இருக்கிற எலும்ப. பட்டினி கிடக்குது."

அண்ணன் முகம் செத்துவிட்டது. அன்றைக்கு ஒரு வாய் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து வேறு பாட்டு. "அது செத்துப்போச்சு. தூக்கிப் போடு." மூலை காலியாகும் என்று அவனாகவே முடிவு செய்து, மூலையில் சுவரோடு சுவராக 'ட' வடிவில் மடங்கி உட்காரும் சோபா ஒன்றுக்குச் சொல்லியும் வைத்தான். அண்ணி, "கொஞ்சம் பொறுங்களேன்" என்று சொல்லிப் பார்த்தாள். கேட்டால்தானே!

"சாகல" என்றாள் அக்கா. அதற்குமேல் வாதாடவில்லை. வெளிச்சத்தைக் குறைத்தாள். விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே மெல்லிய வலைத்துணி கட்டினாள். சாயங்காலம் விளக்கணைந்ததும் பவளம் நுண்ணிய விரல்களை நீட்டும். அந்த நேரத்துக்குக் காத்திருந்து, சின்னக் குழாயால் இரை ஊட்டுவாள். நான் மடியில் என் பிள்ளையைப் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே இதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வேலைக்கூடத்திலிருந்து நிறம் பார்க்கும் மாதிரிப் பல் ஒன்றைக் கொண்டுவந்து, பவளத்தின் கிளை நுனிக்கு நேராகக் கண்ணாடியில் ஒட்டினாள். தினமும் நுனியையும் பல்லையும் மாறி மாறிப் பார்ப்பாள். நிறம் துளியும் மாறவில்லை. "யாரோட பல்லு இது?" என்று வந்தவர்கள் கேட்டார்கள். "தொட்டியில கை விட்டவங்களோடது" என்றாள்.

சோபா வந்தே விட்டது. இரண்டு பேர் அதை வாசலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "தொட்டியக் காலி பண்ணு" என்றான் அண்ணன், அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.

அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். "செத்திருந்தா இந்நேரம் எலும்பு மேல பச்சையா வேற பாசி படர்ந்திருக்கும். உயிருள்ள சதை அத ஒட்ட விடாது. ஒரே ஒரு பச்சைப் புள்ளி காட்டுண்ணே. நானே தூக்கி வெளிய வைக்கிறேன்."

அண்ணன் சட்டைக் கைகளை மடக்கிவிட்டுக்கொண்டு வந்தான். குனிந்தான், மண்டியிட்டான், கடைசியில் தரையில் கன்னம் படப் படுத்து அடியிலிருந்து பார்த்தான். வாசலில் ஒருவர், "சார், கை வலிக்குது" என்றார்.

"பச்சை ஒண்ணும் இல்ல" என்றான் அண்ணன். பிறகு, "அடியில மட்டும் என்ன இது, அழுக்கா? டீக்கறை மாதிரி?"

அக்கா அவன் பக்கத்திலேயே தரையில் விழுந்தாள். நுனியையே பார்த்துக்கொண்டிருந்தவள் நிழலில் இருந்த அடிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. மாதிரிப் பல்லைப் பிய்த்துக் கீழே கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். பல் வெள்ளையாக இருந்தது. பவளம் அப்படி இல்லை.

"அழுக்கில்லண்ணே" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "சமைக்கிறவங்க திரும்பக் குடி வந்துட்டாங்க."

நான் வெட்கமில்லாமல் அழுதேன். அண்ணன் எழுந்திருக்கவே இல்லை. படுத்தபடியே வாசலைப் பார்த்து, "நீட்டுத் துண்டை மட்டும் உள்ள வையுங்க. மூலைத் துண்டு வேண்டாம், எடுத்துட்டுப் போயிடுங்க" என்றான். பிறகு மெதுவாக, "நான் கொன்னுட்டேன்னு நெனச்சேன். அதான் அது கண்ணுல படக்கூடாதுன்னு..." என்று இழுத்தான்.

"நீ கொல்லத்தான் பாத்த. அது சாகல" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. மாதிரிப் பல்லை எடுத்துப் பழைய இடத்திலேயே ஒட்டினாள். "இனி அந்த லைட்டுல கைய வச்ச, உனக்கும் நான்தான் பல்லு செய்ய வேண்டியிருக்கும்."