சுவரில் எழுதிய பெயர்

ஐம்பத்து மூன்று வயதிலும் அவளை ஸி கலித்தாங் என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் தீவில் பெயர் ஒரே இடத்தில் நிற்காது. பிறந்ததும் முன்னால் 'ஸி' போட்டு ஒரு பெயர். தலைப்பிள்ளை பிறந்துவிட்டால் அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும். அப்பன் ஸ்யமான் இன்னார், ஆத்தா ஸினான் இன்னார். இன்னாரின் அப்பா, இன்னாரின் அம்மா, அவ்வளவுதான். பேரப்பிள்ளை வந்தால் இரண்டு பேருமே ஸ்யபென் இன்னார். பிள்ளை இல்லாதவர்களுக்கு மட்டும் கடைசிவரை 'ஸி'தான், பள்ளிக்கூடம் போகும் வாண்டுகளோடு ஒரே வரிசையில்.

கலித்தாங் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம். கல்யாணம் வேண்டாம் என்றவள் அவள்தானே. ஆனால் அண்ணனுக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது, தைவானிலிருந்து விடுப்பில் வந்திருந்தவள், பெயரை நான்தான் சொல்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மனோயோ என்றாள். அண்ணன் ஊற்றுத் தண்ணீரைத் தொட்டுப் பெண்குழந்தையின் உச்சியில் வைத்து, அந்தப் பெயரையே சொன்னான். அன்றிலிருந்து அவன் ஸ்யமான் மனோயோ, அவன் பெண்டாட்டி ஸினான் மனோயோ. தங்கைக்குத் தலைகால் புரியவில்லை.

பதினாறு வயதில் கப்பலேறிப் போனவள் அவள். காவோசியுங் நகரத்தில் ஒரு தையல் ஆலையில் ஆறு வருடம் காற்சட்டைக்கு ஜிப் வைத்துத் தைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவியப் பள்ளி. கடைச் சாயம் பிடிக்கவில்லை என்று, படகுக்குப் பூசுகிற செம்மண்ணையும் கிளிஞ்சல் சுண்ணாம்பையும் பானைக் கரியையும் பால் டப்பாக்களில் அடைத்து அனுப்பச் சொல்லி அண்ணனை நச்சரித்தாள். அவனும் திட்டிக்கொண்டே அனுப்பினான். எங்கள் படகுகளின் மூக்கில் இருக்கும் வட்டக் கண்ணை ஆளுயரத் துணிகளில் வரைந்தாள். ஊருக்குக் கொண்டுவந்து விரித்துக் காட்டியபோது ஆண்கள் சுற்றி நின்று கிண்டல் செய்தார்கள்.

"படகுக்கு வைக்கிற கண்ணைத் துணிக்கு வெச்சிருக்கியே, துணி போய் மீன் பிடிச்சுட்டு வருமா?" என்றான் அண்ணன்.

"உன் படகு மட்டும் என்ன கிழிச்சுதாம்? போன வாரம் வெறுங்கையோடதானே வந்தே?"

"வாய் மட்டும் தைவானுக்குப் போகாம இங்கயே இருந்திருக்கு பாரு," என்று அவன் சிரித்தான். அன்று சாயங்காலமே அந்தத் துணியைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டான்.

அந்தத் துணி ஓவியங்கள் தைவானில் பேசப்பட்டன. தைதுங் நகரத்து அருங்காட்சியகம் ஒன்று அவளைக் கூப்பிட்டுக் கண்காட்சிகளுக்குப் பொறுப்பாக வைத்துக்கொண்டது. தீவுக்காரர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முதல் வாரத்திலேயே சேமிப்பறையைத் திறந்து பார்த்தாள். எங்கள் வெள்ளித் தலைக்கவசம், பிரம்புக் கவசம், செதுக்கிய அகப்பை, பழைய படகின் மூக்குப் பலகை எல்லாம் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு. செய்தவர்: தெரியவில்லை. தெரியவில்லையாம்! வந்து அள்ளிக்கொண்டு போனவர்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கலித்தாங் அந்த அறையிலேயே உட்கார்ந்து அழுதாளாம், அவளே சொன்னாள்.

ஊருக்கு வந்து கேட்டுப் பார்த்தாள். யாரும் வாய் திறக்கவில்லை. செய்தவர்கள் செத்துப் போயிருந்தார்கள். செத்தவரின் பெயரை நாங்கள் சொல்வதில்லை. சொன்னால் போனவர் திரும்பிப் பார்ப்பார், பார்த்தால் வருவார், வந்தால் தனியாகப் போகமாட்டார். இது அவளுக்கும் தெரியும். அதனால் பழசை விட்டுவிட்டாள். இனிமேல் இருக்கிறவர்கள் செய்கிற எதுவும் பெயரில்லாமல் என் கூடத்துக்குள் நுழையாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசினாள். கைதட்டினார்கள். நாங்களும்தான் தட்டினோம், பொய் சொல்வானேன்.

பத்து வருடம் கழித்துத் தீவுக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி அவள் கைக்கு வந்தது. நடுக்கூடத்தில் வைக்க ஒரு படகு வேண்டும். யாரைக் கேட்பாள்? அண்ணன் மலையேறி மரம் பார்த்தான். அண்ணி மூன்று வருடம் சேற்றில் நின்று சேப்பங்கிழங்கு வளர்த்தாள். செதுக்கிய படகைக் கடலில் இறக்கும் நாளில் அது கிழங்குக் குவியலில் மூழ்கிக் கிடக்க வேண்டும், வந்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஊர் சிரிக்கும். அந்தப் படகு அன்று கண்ணுக்கே தெரியவில்லை, கிழங்குதான் தெரிந்தது. ஆண்கள் கண்ணை உருட்டிப் பல்லைக் கடித்துப் பேய்களை விரட்டிவிட்டு, படகை ஆகாசத்துக்குத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். ஒரு பருவம் மீன் பிடித்துவிட்டு அண்ணன் அதைக் கப்பலில் ஏற்றினான்.

"அங்க பொம்பளைப் பிள்ளைங்க துணியை வெச்சு இதைத் துடைப்பாங்களாமே?" என்றான்.

"ஆமா. கையுறை போட்டுக்கிட்டுத்தான்."

"போச்சு. பொம்பளை கை பட்ட படகுல இனிமே ஒரு பறக்கும் மீன் ஏறாது. சரி, என் பேரைக் கொட்டை எழுத்துல போடு. நம்மாளுங்க பாத்து வயிறெரியட்டும்."

அவள் போட்டாள். சுவரில் ஒரு முழ உயர எழுத்தில், கண்காட்சிப் புத்தகத்தில் முதல் பக்கத்தில். புத்தகம் அச்சாகி வந்த வாரம், அண்ணன் ஈட்டித் துப்பாக்கியோடு கடலில் முங்கியவன் எழுந்திருக்கவில்லை. திறப்பு விழாவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

அன்றைக்கே புதைத்தோம். அந்தப் பெயரையும் சேர்த்துத்தான். அடுத்த நாளிலிருந்து ஊரில் அவன் 'போனவர்'.

பத்து நாள் கழித்து அண்ணி கப்பலேறி அருங்காட்சியகத்துக்கு வந்தாள். கடல் கொந்தளிப்பில் வழியெல்லாம் வாந்தி. தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் நேராக நடுக்கூடத்துக்குப் போனாள். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதை எடுத்துடு," என்றாள்.

"அண்ணி, அண்ணன்தான் போடச் சொன்னான்."

"அப்ப உசுரோட இருந்தாரு. இப்ப அந்தப் பேரைச் சொன்னா அவரு மட்டுமா திரும்பிப் பாப்பாரு? அதுக்குள்ள என் பொண்ணு பேரு இருக்கு. ஒவ்வொரு தடவையும் அவளையும் சேத்துல்ல கூப்பிடுறீங்க!"

"எழுதியிருக்குதானே, யாரும் சொல்லலியே."

"எழுதுறது எதுக்கு? படிக்கத்தானே?"

கலித்தாங் சுவரைக் கையால் காட்டினாள். "நூறு வருசமா தெரியவில்லை, தெரியவில்லைன்னே எழுதி வெச்சிருக்காங்க அண்ணி. இவ்வளவு பெரிய வேலையைச் செஞ்ச மனுசனையும் அப்படி விடச் சொல்றியா?" என்றாள்.

"யாருக்குத் தெரியல? எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியும். தெரியாதவங்களுக்கு எதுக்குச் சொல்லணும்?"

"பாக்குறேன் அண்ணி. மேல பேசிப் பாக்குறேன்."

அவள் யாரிடமும் பேசவில்லை. பேசியிருந்தால் எடுத்திருப்பார்கள், அரை நாள் வேலை. தான் சொன்ன சொல்லுக்கு முதல் பலியாகத் தன் அண்ணன் பெயரையே கொடுப்பதா என்று அவளுக்கு வீம்பு. அதற்குக் கீழே வேறொன்றும் இருந்தது. அதை ரொம்ப நாள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டாள். அவள் கொடுத்த பெயர் அது. இந்த உலகத்தில் அவள் ஒரே ஒருவருக்குத்தான் பெயர் கொடுத்திருந்தாள். அது சுவரில் அவ்வளவு பெரிதாக நிற்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆறவில்லை.

திறப்பு விழாவுக்கு ஊரிலிருந்து பதினாலு பேர் போனோம். பெயர் எடுக்கப்பட்டிருக்கும் என்று நம்பித்தான் அண்ணி மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மனோயோவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அவள் படகின் பக்கத்தில் போய் நின்றபோது, தலைநகரத்திலிருந்து வந்திருந்த அதிகாரி ஒலிபெருக்கியைப் பிடித்தார். நல்ல மனிதர்தான். எங்கள் மொழிப் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே பழகிக்கொண்டு வந்திருந்தார். சுவரைப் பார்த்துக் கணீரென்று சொன்னார். கூட்டம் கைதட்டியது. சந்தோஷத்தில் இன்னொரு தடவை சொன்னார். பிறகு எல்லோரையும் தன்னோடு சேர்ந்து சொல்லச் சொன்னார். இருநூறு பேர் ஒரே குரலில் செத்தவனைக் கூப்பிட்டார்கள்.

அண்ணி மகளின் இரண்டு காதையும் பொத்தி இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். எங்கள் ஆண்கள் பல்லைக் கடித்துக் கண்ணை உருட்டிக்கொண்டு அந்தப் பெண்ணைச் சுற்றி நின்றபடியே வெளியேறினார்கள். தைவான்காரர்கள் அது நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துப் படம் பிடித்தார்கள். கலித்தாங் மேடையில் நின்றாள். கையில் பூங்கொத்து வேறு.

மறுநாள் விடிந்ததும் அவளே ஏணி போட்டு ஏறி, எழுத்துகளை நகத்தால் சுரண்டி எடுத்தாள். ஆனால் அலுவலகப் பதிவேட்டில் செய்தவர் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட முடியாது. விட்டால் கணினி ஏற்றுக்கொள்ளாது. ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தன் கையாலேயே தட்டினாள். செய்தவர்: தெரியவில்லை.

மூன்று மாதத்தில் மனோயோ இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டாள். அந்த வளைவில் மணல் கொட்டிக்கிடந்தது, வாரம் ஒருவர் விழுந்துகொண்டுதான் இருந்தோம். இருந்தாலும் யாரும் மணலைப் பற்றிப் பேசவில்லை. கலித்தாங் பழங்களோடு வந்தாள். அண்ணி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எடுத்துட்டேன் அண்ணி. மறுநாளே எடுத்துட்டேன்."

"சுவத்துல இருந்து எடுத்தே. புத்தகத்துல இருந்து எடுப்பியா? எத்தனை ஊர்ல எத்தனை பேரு இந்நேரம் பிரிச்சு வெச்சுப் படிச்சிட்டு இருக்காங்களோ."

பழங்களை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினாள். புத்தகம் அச்சானது ஆயிரத்து ஐந்நூறு பிரதிகள். விடுமுறை நாட்களில் பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி வாங்கி, முதல் பக்கத்தைக் கிழித்தாள். ஏழு வருடத்தில் நாற்பதோ என்னவோ கிடைத்தன. துணியில் வரைவதும் நின்றுபோனது. செம்மண் அனுப்ப ஆளில்லை என்று கேட்டவர்களிடம் சொன்னாள்.

போன வருடம் மனோயோ பிள்ளை பெற்றாள். தலைப்பிள்ளை. பெயர் வைத்தாகிவிட்டது என்று கேள்விப்பட்டபோது கலித்தாங்குக்கு எவ்வளவு நிம்மதி! இனி எல்லோரும் பழைய பெயரைக் கழற்றி வைத்துவிடுவார்கள். மனோயோ என்ற பெயரில் தீவில் யாருமே இல்லை. போனவரைக்கூட இனி தாத்தா என்றுதான் நினைப்பார்கள். புத்தகத்தில் இருப்பது யாருடைய பெயரும் இல்லை. அண்ணியும் ஆள் விட்டிருந்தாள், வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று.

போனாள். அண்ணியே வாசலுக்கு வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். "என்ன இப்படி எலும்பாப் போயிட்டே? அங்க சோறு போடுறதில்லையா?" என்றாள். சேப்பங்கிழங்கும், பெண்கள் சாப்பிடுகிற நல்ல மீனும் தட்டு நிறைய வைத்தாள். குழந்தையை மடியில் போட்டாள். கலித்தாங் அழுதாள். சுவரில் அவளுடைய பழைய துணி இன்னும் தொங்கியது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. வீடு நிறைய ஆட்கள், பேச்சுக்குக் குறைவில்லை, ஆனால் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. யாரைக் கூப்பிட்டாலும் குழந்தையின் பெயர் வெளியே வந்துவிடும். மாப்பிள்ளை, "ஏ, இங்க பாரு, துணி எங்க?" என்று பெண்டாட்டியைக் கேட்டான். அண்ணியைப் பக்கத்து வீட்டுக்காரி, "உங்களைத்தான்," என்றாள். குழந்தை குட்டி, தங்கம், மூக்கன், எல்லாமாகவும் இருந்தது.

"குழந்தைக்கு என்ன பேரு அண்ணி?" என்று கேட்டாள்.

அண்ணி ஒரு துண்டு மீனை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடு. ஆறிடப் போகுது."

கோபமெல்லாம் இல்லை. அன்பாகத்தான் சொன்னாள், அதுதான் தாங்கவில்லை. வெளியே வந்து கடைக்காரியிடம் கேட்டாள். அவள் அரிசி அளக்கப் போய்விட்டாள். என்னிடமும் கேட்டாள். எனக்குத் தெரியும், இவள் எங்கே எழுதி வைத்துவிடுவாளோ என்று நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

துறைமுகத்துக்கு வழியனுப்ப மருமகள் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, லேசாகக் காலை இழுத்து நடந்து வந்தாள். கலித்தாங் கப்பலேறித் தட்டில் நின்றாள். கயிற்றை அவிழ்த்தார்கள். கையசைத்துவிட்டு அந்தப் பெண் திரும்பி நடந்தாள். இன்னொரு தடவை முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, கூப்பிடலாம் என்று கலித்தாங் வாயைத் திறந்தாள். பழைய பெயரைச் சொல்லக் கூடாது. புதிய பெயர் தெரியாது. திறந்த வாயோடு அப்படியே நின்றாள்.

அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியதோ, தானாகவே திரும்பினாள்.

"கூப்பிட்டீங்களா அத்தை?"

"இல்லம்மா," என்றாள் கலித்தாங். "கூப்பிடலை. நீ போ."