காய்ச்சல் விட்ட நாள்

தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது எல்லோரும் மலேரியா என்றார்கள். உலகச் சண்டைக் காலம், கொயினா மாத்திரைக்குத் தட்டுப்பாடு. தோணியில் கொழும்புக்குப் போய்வரும் அப்பா எங்கெங்கோ அலைந்து வாங்கி வந்தார். கசப்பில் தம்பி முகம் சுளித்ததுதான் மிச்சம், காய்ச்சல் அசையவில்லை.

டாக்டர் விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் மலேரியாக் கிருமி இல்லை. நாக்கை நீட்டச் சொன்னார். நடுவில் வெள்ளை படிந்து, ஓரம் சிவந்திருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தும் நாடி நிதானமாக அடிப்பதைக் கவனித்து, டைபாய்டாக இருக்கும் என்றார். மறுபடி ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். "கஞ்சித் தண்ணி, மோரு, அவ்வளவுதான். காய்ச்சல் படிப்படியாத்தான் எறங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு டாக்டரும் வேண்டும், மாதாவும் வேண்டும். படுத்திருந்த தம்பியை உச்சி முதல் பாதம் வரை தூண்டில் நூலால் அளந்தாள். காய்ச்சல் விட்டால் அந்த உயரத்துக்கு மெழுகுதிரி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டு, நூலை மாதா படத்தில் சுற்றி வைத்தாள். எங்கள் கடற்கரையில் நோய்ப்பட்ட பிள்ளைக்கு அப்படித்தான் நேருவார்கள்.

ஒரு காலையில் அவன் நெற்றி சில்லென்றிருந்தது.

"ஏளா, இங்கன தொட்டுப் பாரு. காய்ச்சல் விட்டுட்டு" என்று அம்மா என் கையை இழுத்து வைத்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. நானும் சிரித்தேன். அப்பா நூலை எடுத்துக்கொண்டு மெழுகுதிரி வார்ப்பவர் வீட்டுக்கு ஓடினார். தம்பி மட்டும் வயிற்றைத் தொடவிடவில்லை. பசியில் சிணுங்குகிறான் என்று நினைத்தோம்.

மத்தியானம் டாக்டர் சோதனை முடிவோடு வந்தார். டைபாய்டுதான். அம்மா காய்ச்சல் விட்ட செய்தியைச் சந்தோஷமாகச் சொன்னாள். அவர் நாடியைப் பிடித்தார். அது தறிகெட்டு ஓடியது. வயிறு பலகையாய் இறுகியிருந்தது.

"இது காய்ச்சல் விட்டதில்லம்மா. குடல்ல ஓட்டை விழுந்திருக்கு. அதான் உடம்பு சில்லிட்டுப் போச்சு" என்றார்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். பொழுது சாய்வதற்குள் போய்விட்டான்.

பெட்டி செய்ய வந்த தோணி ஆசாரி அளவு கேட்டார். அப்பா சட்டைப் பையிலிருந்து அந்த நூலை எடுத்துக் கொடுத்தார். கடவுள் மேல் எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் மெழுகுதிரி வந்தது. திருப்பி அனுப்பப் போன அப்பாவை அம்மா தடுத்தாள்.

"காய்ச்சல் விட்டா ஏத்துதேன்னுதான நேர்ந்தேன். விட்டுட்டுல்லா" என்றாள்.

தம்பி உயரத் திரியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள்.