ஆக்டிங் தொரை சொன்ன உயரம்

கம்பெனிக்கு வெளியிலிருந்து ஒரு மேனேஜரைக் கொஞ்ச காலத்துக்குக் கூட்டிவந்தால் லாபம் என்று என் மருமகன் சாப்பிடும்போது பேசுவார். வருகிறவனுக்கு அங்கே வேண்டியவனும் இல்லை, வேண்டாதவனும் இல்லை, அதனால் உள்ளதை உள்ளபடி பார்ப்பான் என்பார். நான் மறுப்பதில்லை. அப்படி ஒருவர் வந்ததில் எங்கள் தோட்டத்துக்கு நல்ல லாபம்தான். என் அண்ணனுக்கு இடது கண் போனது.

நாங்கள் இருந்தது இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். நான் கொழுந்து எடுக்கிறவள். அண்ணன் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். தோட்டத்தை நடத்திய பெரிய தொரை லீவில் சீமைக்குக் கப்பலேறினார். அவர் திரும்பும்வரை தோட்டத்தைப் பார்க்க ஆக்டிங் தொரை ஒருவர் வந்தார். வந்ததும் மேல்மலைக்கு நடந்தே போய், வெட்டிய செடிகளைத் தடவிப் பார்த்தார். பாதிச் செடி பட்டுப்போய் நின்றது. பெரிய தொரை தரையை ஒட்டி வெட்டச் சொல்லுவார். செடி செத்தால், வெட்டினவனை, எங்களை வேலை வாங்கும் கண்டாக்கையா பிரம்பால் விளாசுவார். அத்தனை வருஷமும் அதுதான் வைத்தியம். ஆக்டிங் தொரை தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி, "இது வரைக்கும் விடு. கீழே வெட்டாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் கண்டாக்கையா கத்தினார். "வந்தவன் போயிருவான். பெரிய தொரை என்னையத்தான் கேப்பாரு. தாழ்த்தி வெட்டுங்கடா!"

மற்றவர்கள் தாழ்த்தி வெட்டினார்கள். அண்ணன் மட்டும் முழங்கால் உயரத்தை விடவில்லை. வீரமெல்லாம் இல்லை. தொரை சொன்னால் அவருக்குச் சாமி சொன்ன மாதிரி. பக்கத்து மலையில் கொழுந்தெடுத்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டாக்கையா பின்னால் வந்து பிடரியில் பிரம்பால் இழுத்தார். அண்ணன் திரும்பவில்லை. கண்டாக்கையா சப்பாத்துக் காலால் முதுகில் ஓங்கி உதைத்தார். அண்ணன் செடிமேல் கவிழ்ந்தார். புதிதாக வெட்டின குச்சி கன்னத்தைக் கிழித்தது. எழுந்தவர் கையில் கத்தி இருந்தது. ஒரே வீச்சு. கண்டாக்கையாவின் காது பாதி தொங்கியது. பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வேலையிலிருந்து பேரை வெட்டுவார்கள், குடியிருக்கிற லயத்தை விட்டுத் துரத்துவார்கள், ஜெயிலிலும் போடுவார்கள் என்று அண்ணி மாரில் அடித்துக்கொண்டு அழுதார். ஆக்டிங் தொரை ஆபீஸ் வாசலில் எல்லோரையும் கூட்டி, "முதல் அடி யாரு?" என்று கேட்டார். அந்தத் தோட்டத்தில் அதுவரைக்கும் யாரும் கேட்காத கேள்வி அது. "நான் சொன்னதை இவன் செஞ்சான். தப்பு இல்லை" என்றார். காதுக்கட்டோடு கண்டாக்கையாவைப் பேக்டரி வேலைக்கு அனுப்பினார். மலை முழுக்க முழங்கால் உயரத்தில் கவ்வாத்து நடந்தது.

ஆக்டிங் தொரை போவதற்கு முன்னால் அண்ணனைக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன். "நோர்வூட்டில் என் சினேகிதன் தோட்டம். நீ குடும்பத்தோட போ. பெரிய தொரை வந்தா நான் இல்லை."

அண்ணன் தலைப்பாகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தார். "தொரைங்க தீர்ப்பு சொன்னா சொன்னதுதானுங்களே. மாறுங்களா?"

லயம் முழுக்க அதையேதான் சொன்னது. ஒரு தொரை சொன்னதை இன்னொரு தொரை அழித்து நாங்கள் பார்த்ததில்லை. எங்களுக்கு எல்லாத் தொரையும் ஒரே தொரைதான்.

பெரிய தொரை திரும்பிவந்தபின் காலையில் ஆள் எண்ணுகிற முதல் பெரட்டு. பக்கத்தில் பழையபடி கண்டாக்கையா, அரைக் காதோடு. விசாரணை என்று ஒன்றும் இல்லை. "கத்திய எடுத்த கை எதுடா?" என்று கண்டாக்கையா கேட்டு, இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லி, விரல்கள் நொறுங்கும்வரை அடித்தார். அண்ணன் குனிந்தபோது பிரம்பின் நுனி கண்ணில் இறங்கியது. காலில் விழுந்த அண்ணியை எட்டி உதைத்தார். பெரிய தொரை பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு பார்த்தார். நான் கல்லெடுத்து எறிந்தேன். படவில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றே அண்ணன் வீட்டுச் சட்டி பானையை வெளியே எறிந்தார்கள். அண்ணன் நோர்வூட்டுக்குத்தான் போனார், ஒற்றைக் கண்ணோடு. நான் பழைய தோட்டத்திலேயே இருந்தேன்.

அடுத்த மழைக்கு, முழங்கால் உயரத்தில் வெட்டின மேல்மலை பச்சைப் பசேலென்று தளிர்த்தது. தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து யோசனை சொல்லும் ஏஜண்டு தொரை காரில் வந்தார். லயத்துக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அவர் செடிகளைப் பார்த்துப் பெரிய தொரையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்டாக்கையா எங்கள் பக்கம் திரும்பி, "நம்ம தொரை கவ்வாத்துக்கு ஈடே இல்லையாம். கை தட்டுங்க புள்ளைங்களா!" என்றார்.

கூடையோடு மற்ற எல்லோரும் தட்டினார்கள். அண்ணனின் கன்னத்தைக் கிழித்த செடி எனக்குத் தெரியும். அன்றைக்கு அதில்தான் கொழுந்து அதிகம். கிள்ளிக் கிள்ளிக் கூடையில் போட்டேன்.